யுடோபியாவின் கசாப்புக்காரன்

தாமஸ் மோரின் யுடோபியாவில் மாட்டை அறுப்பவன் யார்?

இப்படி ஆரம்பிப்பது சில்லறைத்தனமாகப் படலாம். ஒரு கற்பனை தேசத்தைப் பற்றி எழுத உட்காருகிறவன் அதன் ஆட்சிமுறை, சொத்துரிமை, கல்வி, மதம் என்று கௌரவமான விஷயங்களிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். நம்மிடையே அந்த வழக்கமும் கிடையாது. 'யுடோபியன்' என்பது நம் சர்ச்சைகளில் எதிராளி மீது எறியப்படும் ஒரு வசை. கனவு காண்கிறவன், கணக்குத் தெரியாதவன் என்று அர்த்தம். மோரின் புத்தகத்தைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த வசையின் அபத்தம் தெரியும். மோர் ஒரு வக்கீல். 1515-ல் வர்த்தகப் பேச்சு வார்த்தைக்காக இங்கிலாந்தின் தூதர்களில் ஒருவராக ஃபிளாண்டர்ஸ் போயிருந்தபோதுதான் புத்தகத்தின் இரண்டாம் பாகத்தை எழுதினார். முதல் பாகம் அதற்குப் பிறகு லண்டனில் எழுதிச் சேர்த்தது. 1516-ல் லூவெய்னில், லத்தீனில் அச்சாயிற்று. வியாபாரிகளுக்கும் அரசர்களுக்கும் நடுவே உட்கார்ந்து கணக்குப் பார்த்த ஒரு மனிதரின் புத்தகம் அது. ஒவ்வொரு பக்கத்திலும் அது தெரிகிறது.

54 நகரங்கள். எல்லாவற்றிலும் ஒரே மொழி, ஒரே சட்டம், அநேகமாக ஒரே வரைபடம். ஒரு நகரத்தில் 6000 குடும்பங்கள். ஒவ்வொன்றிலும் வயது வந்தவர்கள் 10 பேருக்குக் குறையவும் கூடாது, 16 பேருக்கு மிஞ்சவும் கூடாது. மிஞ்சினால் எடுத்துக் குறைவான வீட்டில் சேர்த்துவிடுவார்கள். 30 குடும்பங்களுக்கு ஒரு தலைவன், வருஷா வருஷம் தேர்தல். இப்படித் தேர்வான 200 பேர் கூடி ரகசிய வாக்கில் நகரத்தின் அதிபனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கொடுங்கோலனாக முயல்கிறான் என்ற சந்தேகம் எழாதவரை அவனுக்கு ஆயுள் முழுவதும் பதவி. பொது விவகாரங்களைச் சபைக்கு வெளியே கூடிப் பேசித் தீர்மானிப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். (சிறுபத்திரிகை நடத்துகிறவர்கள் அந்தத் தேசத்தில் எத்தனை நாள் தாங்குவார்கள் என்று தெரியவில்லை.) பணம் கிடையாது. வீட்டுக்குப் பூட்டுக் கிடையாது. 10 வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு வீடு மாறிக்கொள்கிறார்கள். நாளொன்றுக்கு 6 மணி நேர வேலை, நண்பகலுக்கு முன் 3, பின் 3. இது எப்படிக் கட்டும் என்று வாசகன் கேட்பான் என்பது மோருக்குத் தெரிகிறது. உடனே ஏட்டைப் பிரிக்கிறார். மற்ற தேசங்களில் பெண்களில் பெரும்பாலோர், பாதிரிகள், பிரபுக்கள், பிரபுக்களின் எடுபிடிகள், திடகாத்திரமான பிச்சைக்காரர்கள், இவர்களையெல்லாம் கழித்தால் உழைக்கிறவன் எத்தனை பேர்? அவர்களிலும் தேவையான பொருளைச் செய்கிறவன் எத்தனை பேர்? அடுப்படியில் வேகிறவளை வேலையற்றவள் பட்டியலில் சேர்த்துவிட்டது மோரின் கணக்கில் ஓர் ஓட்டை. ஆனால் அடிப்படைக் கணக்கு சரி. யுடோபியாவில் ஒரு நகரத்திலும் அதைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்திலுமாக, உடலில் வலு இருந்தும் வேலையிலிருந்து விலக்குப் பெற்றவர்கள் 500 பேர்கூட இல்லை.

கம்பனும் கோசலம் என்று ஒரு கற்பனை தேசத்தைக் கட்டினான். வறுமை இல்லாததனால் கொடைக்கே அங்கு இடமில்லை என்றான். கவியின் தர்க்கம், அழகான தர்க்கம். அந்த வறுமை எப்படித் தொலைந்தது, யார் எத்தனை நாழிகை உழைத்துத் தொலைந்தது என்பது அவன் கவலை இல்லை; அவன் பாடுவது துதி. மோரிடம் துதியும் உண்டு, ஆனால் கூடவே வரவு செலவு இருக்கிறது. அதனாலேயே மாட்டை அறுப்பவன் யார் என்று அவரிடம் கேட்க முடிகிறது. பதிலும் எழுதி வைத்திருக்கிறார்.

அடிமைகள் அறுக்கிறார்கள். நகரத்துக்கு வெளியே, ரத்தமும் கழிவும் ஓடுகிற தண்ணீரில் கழுவிப் போகும்படி ஒதுக்கிய இடங்களில் அறுத்துச் சுத்தம் செய்த பிறகே இறைச்சி சந்தைக்கு வருகிறது. பிரஜைகள் சாப்பிடுகிறார்கள். அவர்களை ஏன் அறுக்க விடுவதில்லை என்பதற்கு மோர் சொல்லும் காரணம்தான் என்னை நிறுத்துகிறது. மனித சுபாவத்திலுள்ள உணர்ச்சிகளில் மிக உயர்ந்தது கருணை. கொன்று பழகினால் அது சிறுகச் சிறுகத் தேய்ந்து அழிந்துபோகும். ஆகவே பிரஜைகளைக் கொலைக்குப் பழக்கக் கூடாது. வேட்டையையும் இதே தர்க்கத்தில் அவர்கள் வெறுக்கிறார்கள். கசாப்பிலும் கடைசியான கசாப்பு அது, சுதந்திர மனிதனுக்குத் தகாதது என்று கசாப்புக்காரர்களிடம் விட்டுவிடுகிறார்கள். தெய்வத்துக்கும் உயிர்ப்பலி கிடையாது.

இந்த இடத்தைப் பற்றி இரண்டு ஆட்சேபங்கள் வரும்.

ஒன்று, இதெல்லாம் வேடிக்கை, அங்கதம் என்பது. தேசத்தின் பெயருக்கே 'இல்லாத இடம்' என்று பொருள். அதைப் பற்றிச் சொல்லும் ரபேல் ஹித்லோடேயின் பெயருக்கு அபத்தம் பேசுகிறவன் என்று பொருள். தலைநகரத்தின் ஆற்றுக்குத் தண்ணீரில்லாதது என்று பெயர். கடைசியில் மோர் என்ற பாத்திரமே, எனக்கு இதில் பல விஷயங்கள் சம்மதமில்லை என்று ஒதுங்கிக்கொள்கிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அங்கதம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எந்தச் சங்கடமான பக்கத்திலிருந்தும் தப்பிவிடலாம் என்றால் படிப்பது எதற்கு? கசாப்பைப் பற்றிய இடத்தில் ஒரு சிரிப்பும் இல்லை. அது காரணம் காட்டி, நிதானமாக எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. யுடோபியாவின் அடிமை யார்? போரில் பிடிபட்டவன், கொடிய குற்றம் செய்த பிரஜை, வேறு தேசங்களில் மரண தண்டனை பெற்று, அற்ப விலைக்கோ சும்மாவோ வாங்கி வரப்பட்டவன். இவர்கள் போகச் சொந்த ஊரில் தேய்ந்து சாவதைவிட இங்கே அடிமையாக இருப்பது மேல் என்று தானாக வந்த ஏழை. அவன் விரும்பினால் போகலாம், வெறுங்கையோடு அனுப்புவதில்லை. அடிமையின் பிள்ளை அடிமை இல்லை. முதல் பாகத்தைப் படித்தவனுக்கு இதன் பின்னணி புரியும். மேய்ச்சலுக்காக நிலங்களை வேலியிட்டு வளைத்து, குடியானவர்களை விரட்டி, விரட்டப்பட்டவன் திருடினால் தூக்கில் போட்ட இங்கிலாந்து அது. ஒரே தூக்குமரத்தில் 20 பேர்வரை தொங்கியதாக அங்கே ஒரு வக்கீல் பெருமையோடு சொல்கிறான். அந்தப் பின்னணியில், திருடனைக் கொல்லாதே, வேலை வாங்கு என்பது இரக்கத்தின் குரல். யுடோபியாவின் அடிமை உண்மையில் தூக்குமரத்திலிருந்து இறக்கப்பட்டவன்.

ஒப்புக்கொள்கிறேன். மோர் அடிமைகளை வைத்துக்கொண்டார் என்பதல்ல என் புகார். 1516-ல் வைத்துக்கொள்ளாதவன் யார்? என் சிக்கல் அவர் கொடுத்த காரணத்தில் இருக்கிறது. அரிஸ்டாட்டில், சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்றார். அது பொய், ஆனால் அதை நம்புகிறவன் நிம்மதியாகத் தூங்கலாம். சாதாரண எஜமானன், வேலை கஷ்டமானது, ஆகவே நீ செய் என்பான். அது சுயநலம், சுலபமாகப் புரிகிறது. மோர் இரண்டையும் சொல்லவில்லை. கொல்லும் தொழில் செய்கிறவனின் உள்ளே ஏதோ ஒன்றை அழிக்கிறது என்கிறார். அழிவது அற்பமான ஒன்றில்லை, மனிதனிடம் உள்ளவற்றில் மிகச் சிறந்தது என்கிறார். சொல்லிவிட்டு அதை இன்னொருவன் கையில் கொடுக்கிறார். அந்த இன்னொருவனும் மனிதன், அவனுக்குள்ளும் அது இருந்தது என்பது அவருக்குத் தெரியாததில்லை. நன்றாக நடந்துகொண்டால் அவனுக்கு விடுதலை கொடுக்கலாம் என்று அவரே எழுதுகிறார். குற்றவாளி மனந்திருந்தலாம் என்று நம்புகிற ஒரு தேசம், அவன் மனந்திருந்தத் தேவையான அந்த ஒரே உணர்ச்சியைத் தினமும் அவனிடமிருந்து அறுத்தெடுக்கும் தொழிலில் அவனை வைக்கிறது.

வேறு வழி அவர் கண்ணில் படவில்லை என்றும் சொல்ல முடியாது. அந்தத் தேசம் ஆரம்பிப்பதே வேறு வழியில்தான். யுடோபியா முதலில் தீவாக இல்லை. அதை வென்ற யுடோபஸ் மன்னன், தரையோடு ஒட்டியிருந்த 15 மைல் நிலத்தை வெட்டிக் கடலை உள்ளே விட்டான். தோற்றவர்களை மட்டும் வெட்டச் சொன்னால் அதை அவமானமாகக் கருதுவார்கள் என்று தன் படைவீரர்களையும் கூடவே மண்வெட்டியோடு இறக்கினான். இழிவை எடுக்க வேண்டுமானால் வேலையை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது யுடோபியாவின் முதல் பாடம். விவசாயத்தில் அதையே செய்கிறார்கள்; நகரத்தான் ஒவ்வொருவனும் முறை வைத்து 2 வருஷம் நாட்டுப்புறத்தில் உழுதுவிட்டு வர வேண்டும். வீட்டைக்கூட முறை வைத்து மாற்றிக்கொள்கிற ஜனங்கள். கசாப்பு மட்டும் ஏன் முறைக்குள் வரவில்லை? உழைப்பின் களைப்பு இரவுத் தூக்கத்தில் போய்விடும், கொலை அப்படிப் போகாது என்று மோர் நினைத்தார் என்றுதான் எனக்குப் படுகிறது. செயல் செய்தவனிடமே தங்கிவிடுகிறது. 54 நகரத்தாரும் முறை வைத்துக் கொன்றால் 54 நகரத்தாரின் கருணையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். சிலரிடம் குவித்துவிட்டால் மற்றவர்கள் தப்பலாம். இது ஒரு பொருளாதாரம். தானியத்தைப் பங்கிட்டதுபோலவே கொடூரத்துக்கும் ஒரு விநியோக முறை வகுத்திருக்கிறார். தானியத்துக்குச் சமத்துவம், இதற்கு நேர் எதிர்.

விருப்பத்தோடு இழிவான வேலை செய்கிறவர்களும் யுடோபியாவில் உண்டு. மத நம்பிக்கையால் உந்தப்பட்டு நோயாளிகளைப் பார்ப்பது, சாலை செப்பனிடுவது, சாக்கடை தோண்டுவது, மரம் வெட்டுவது என்று அடிமைகளைவிட அதிகம் உழைக்கிறார்கள். அதில் ஒரு பிரிவினர் மணம் செய்யாமல் புலால் உண்ணாமல் இருப்பவர்கள். மற்றவர்கள் மணம் செய்கிறார்கள், உழைப்புக்கு வலு தரும் என்று மாமிசமும் சாப்பிடுகிறார்கள். ஜனங்கள் முன்னவர்களைப் புனிதர்கள் என்றும் பின்னவர்களை விவேகிகள் என்றும் சொல்கிறார்கள். இந்தத் தொண்டர்களின் நீண்ட வேலைப் பட்டியலை எழுதிய மோர், அதில் கசாப்பைச் சேர்க்கவில்லை.

முறை வைத்துச் செய்வதை நம் காலத்துக்குப் பக்கத்தில் பிடிவாதமாகச் சோதித்துப் பார்த்தவர் காந்தி. அவரது ஆசிரமங்களில் கக்கூஸைக் கழுவுவது எல்லோருடைய வேலை. அதற்கு முந்தைய ஒரு சம்பவத்தை 'சத்திய சோதனை'யில் அவரே எழுதியிருக்கிறார். 1898, டர்பன். அவர் வீட்டில் தங்கியிருந்த குமாஸ்தாக்களின் மூத்திரச் சட்டிகளைக் கணவனும் மனைவியுமே எடுத்துச் சுத்தம் செய்துவந்தார்கள். குமாஸ்தாக்களில் ஒருவர் பஞ்சமப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர். அவருடைய சட்டியைக் கஸ்தூரிபா கண்ணீரோடு எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கண்ணீர் கூடாது, சந்தோஷமாகச் செய் என்றார் காந்தி. உன் வீட்டை நீயே வைத்துக்கொள், என்னை விடு என்று அவர் வெடிக்க, கையைப் பிடித்து இழுத்துப்போய் வாசல் கதவைத் திறந்தார் காந்தி. காந்தி இதை வெட்கத்தோடு எழுதுகிறார். அந்த வெட்கத்தை மதிக்கிறேன். ஆனாலும் கவனிக்க வேண்டும்: இழிவை எல்லோருக்கும் சமமாகப் பங்கிடப் புறப்பட்ட கையில் ஒரு பெண்ணின் கை சிக்கியிருந்தது. பங்கிடுவதும் அதிகாரத்தோடுதான் நடந்தது.

கொலையை மட்டும் காந்தி வேறு விதமாகத் தீர்த்தார். சாப்பிடாதே, அறுப்பவன் வேண்டியதில்லை. யுடோபியாவின் புனிதர்களும் சொல்வது அதுதான். தர்க்கம் நிறைவாக இருக்கிறது. வாழ்க்கைக்கு வந்தால் அவ்வளவு நிறைவாக இல்லை. மிருதங்கத்தின் இரண்டு பக்கமும் தோல். பசு, எருமை, ஆடு மூன்றின் தோலும் அதில் சேர்கிறது. மரக்கறி தவிர வேறொன்றும் தொடாத விரல்கள் அந்தத் தோலில் எழுப்பும் நாதத்தைக் கேட்டு நாம் நெகிழ்கிறோம். தோலைத் தேர்ந்து, பதப்படுத்தி, வார் பிடிக்கிறவர்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் வர 2020-ல் டி.எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஊருக்கு வெளியே, தண்ணீர் ஓடும் இடத்தில் என்று மோர் கற்பனை செய்து வைத்ததை நாம் கற்பனையின் உதவியில்லாமலே செய்துகொண்டோம். அடிமையின் பிள்ளை அடிமை இல்லை என்ற அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டோம். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடுக்க 1993-ல் ஒரு சட்டம், போதாதென்று 2013-ல் இன்னொன்று. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கி மூச்சடைத்துச் சாவது நிற்கவில்லை. சாகிறவன் எந்த வீட்டில் பிறந்தவன் என்று யாரும் விசாரிக்கத் தேவையில்லாதபடி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது.

மோரிடமே திரும்புகிறேன். யுடோபியாவைப் பற்றி எல்லோரும் நினைவு வைத்திருப்பது தங்க விஷயம். தங்கத்தின் மீதான ஆசையைக் கொல்ல மூத்திரச் சட்டியைத் தங்கத்தில் செய்தார்கள். அடிமையின் விலங்கும் தங்கம். பெருங்குற்றம் செய்தவன் காதிலும் விரலிலும் கழுத்திலும் தலையிலும் தங்கம். அந்நியத் தூதர்கள் தங்கச் சங்கிலி மின்ன ஊர்வலம் வந்தபோது, ஜனங்கள் அவர்களை அடிமைகள் என்று நினைத்து ஒதுக்கிவிட்டு, சாதாரண உடையில் வந்த வேலைக்காரர்களை வணங்கினார்கள். சங்கிலி மெலிசாக இருக்கிறதே, அடிமை இதை அறுத்துக்கொண்டு ஓடிவிடுவானே என்றுகூட ஒருவன் குறைப்பட்டான். படித்துச் சிரிக்கிறோம். தங்கத்துக்கு மூன்றாவது உபயோகம் ஒன்று உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. போர் வந்தால் தங்கத்தைக் கொட்டிக் கூலிப்படை பிடிக்கிறார்கள். கிழக்கே 500 மைல் தள்ளிக் காட்டிலும் மலையிலும் வாழும் சாபோலெட் என்ற ஜனங்கள். நாளைக்கு ஒரு காசு கூடக் கிடைத்தால் எதிரணிக்குப் போய்விடுவார்கள். அவர்களை மிக ஆபத்தான இடத்தில் நிறுத்துகிறார்கள். பெரும்பாலோர் கூலி கேட்கத் திரும்பி வருவதில்லை. எத்தனை பேர் செத்தாலும் யுடோபியர்களுக்குக் கவலை இல்லை. இந்தக் கேடுகெட்ட கூட்டம் பூமியிலிருந்து ஒழிந்தால் மனித குலத்துக்கே உபகாரம் என்று நினைக்கிறார்கள். அந்தக் கூட்டத்தைக் கேடுகெட்டதாக வைத்திருப்பதில் தங்கள் தங்கத்துக்கும் பங்குண்டு என்ற நினைப்பு எங்கும் இல்லை.

மலம், அடிமை, கூலிக்குக் கொல்கிறவன். ஒரு தேசம் தன் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் இடங்களிலெல்லாம் துல்லியமாகத் தங்கம் கிடக்கிறது. அது மோர் வேண்டுமென்றே வைத்த அடையாளமா என்று கேட்டால், ஆமென்று சொல்ல எனக்குத் துணிச்சலில்லை. தெரியாமல் விழுந்த அடையாளம் என்றாலும் மதிப்புக் குறைவதில்லை.

மோரைப் புனிதர் என்று ரோமன் கத்தோலிக்கச் சபை 1935-ல் அறிவித்தது. அதற்கு முன்பே 1918-ல், மாஸ்கோவில் ரோமனோவ் மன்னர்களின் பெயர்களை அழித்துவிட்டுப் புரட்சிச் சிந்தனையாளர்களின் பெயர்களைப் பொறித்த தூணில் அவர் பெயரும் ஏறியிருந்தது. 2013-ல் அந்தத் தூணைப் பிரித்து மன்னர்களின் பெயர்களுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு கூட்டமும் கொண்டாடிய மனிதர் 1529 முதல் 1532 வரை இங்கிலாந்தின் சான்ஸலர். அந்தக் காலத்தில் மதத் துரோகிகள் என்று 6 பேர் எரிக்கப்பட்டார்கள். மதம் எதுவானாலும் வாழலாம் என்ற யுடோபியாவை எழுதியவரா இப்படி என்று அதிர்ச்சி காட்டுவது சுலபம், நிறையப் பேர் காட்டியாயிற்று. எனக்கு முக்கியமாகப் படுவது எரித்த முறை. திருச்சபை யாரையும் எரிப்பதில்லை. ரத்தம் சிந்துவது அதன் இயல்புக்கு விரோதம். விசாரிக்கும், மதத் துரோகி என்று தீர்ப்புச் சொல்லும், பிறகு அரசாங்கத்தின் கையில் ஒப்படைத்து ஒதுங்கிக்கொள்ளும். கட்டையை அடுக்கித் தீ வைப்பது உலகியல் அதிகாரத்தின் வேலை. நகரத்துக்கு வெளியே ஒரு கை வேண்டும் என்ற ஏற்பாட்டை மோர் புத்தகத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முழங்காலிட்டுத் தொழுத ஸ்தாபனமே அப்படித்தான் இருந்தது. சான்ஸலரானபோது அந்தக் கையின் பக்கத்தில் அவரே போய் நின்றார். தன் கருணை தேய்ந்ததா என்று அவர் கவனித்துப் பார்த்தாரா என்பதற்கு எழுத்தில் தடயம் இல்லை.

பிறகு எட்டாம் ஹென்றியைத் திருச்சபையின் தலைவனாக ஏற்க மறுத்து, 1535 ஜூலை 6-ல் அவரே வெட்டுமேடைக்குப் போனார். மருமகன் வில்லியம் ரோப்பர் அந்தக் காலையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். கையில் மிஞ்சியிருந்தது கொஞ்சம் பணம். அதிலிருந்து ஒரு தங்கக் காசை எடுத்து, தன் கழுத்தை வெட்டப் போகிறவனுக்குக் கொடுத்தனுப்பினார் மோர்.